இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பது வரை

குறிப்பேட்டில் இருப்பது என் கையெழுத்து.
தூர்லைவ் சொல்லச் சொல்ல எழுதினேன்.
அவர் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும்,
கலங்கரை அலுவலகம் முகம் சுளிக்கும்.
நவம்பர் பத்தொன்பது. வடகிழக்குக் காற்று, பனித்தூறல்.
விளக்கு இரவு முழுதும் எரிந்தது.
ஒரு எழுத்துப்பிழை இல்லை.

அந்த இரவு எங்கள் குன்வோருக்கு
மூச்சு நாய் குரைப்பதுபோல் வந்தது.
மூன்று வயது. உதடு நீலம்.
கெண்டி கொதிக்கக் கொதிக்க
போர்வைக்குள் ஆவி பிடித்து
மடியில் வைத்திருந்தார் அவளை.
எழுபத்திரண்டு படிக்கு மேலே
திரி கரி கட்டித் தானாக அவிந்தது.
யாரும் பார்க்கவில்லை என்றே நினைத்தோம்.
பார்த்தவர் கடலில் இருந்தார்.

ஐலெர்டின் படகு பாறையில் ஏறியது.
அவர் மகன் அர்வித் மூன்றாம் நாள்
ஒற்றைக் கையுறையோடு கரை ஒதுங்கினான்.

"விளக்கு எரியவில்லை" என்றார் ஐலெர்ட்.
விசாரணை அதிகாரி ஏட்டைப் புரட்டினார்,
என் அழகான எழுத்தைப் படித்தார்,
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"குடித்திருந்தீர்களா?"

அதற்குப் பிறகு அவருக்குப் படகு கொடுப்பாரில்லை.
வலை பிரிக்கும் கொட்டகையில் நாள்கூலி.
கோயிலில் கடைசி வரிசை, கதவோரம்.

நாங்கள் மூன்றாம் வரிசை.
எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை
எங்களுக்கு வசதியாக இருந்தது:
அதில் யார் பெயரும் இல்லை,
மணி எத்தனை என்றும் இல்லை.
முடிவில் ஆமென் என்போம்.
ஆமென் என்றால் மெய் என்று அர்த்தம்,
போதகர் சொல்லித்தந்திருக்கிறார்.
கரையில் கிடந்ததும்
மெய்தான்.

பதினோரு வருடம்.
வெயில் உறங்காத கோடையிலும்,
விளக்குக்கே வேலையில்லாத மாதங்களிலும்
தூர்லைவ் நள்ளிரவில் எழுந்து படியேறுவார்.
நான் எண்ணுவேன். எழுபத்திரண்டு.
மேலே போய் என்ன செய்தார் என்று கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
அவர் உண்மையைச் சொல்லியிருப்பார்.

ஒரு ஞாயிறு, நற்கருணை வரிசையில் என் முறை.
கம்பியருகே மண்டியிடப் போனவள்
மண்டியிடாமல் திரும்பினேன்.
எந்தத் தேவதூதரும் தொடவில்லை.
முழங்கால் மடங்க மறுத்தது, அவ்வளவுதான்.
கதவோரம் போய் நின்று சொன்னேன்:
"இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பது வரை."

ஐலெர்ட் என்னைப் பார்க்கவில்லை.
தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"அப்படியானால் என் கண் சரி" என்றார்.
"இத்தனை வருடம் என் கண்ணையே நான் நம்பவில்லை.
எரிந்திருக்கும், நான்தான் பார்க்கத் தவறினேன்,
நான்தான் அவனைக் கொன்றேன் என்று..."

மகனை எடுத்தது கடல்.
கண்களைப் பிடுங்கியது
என் அழகான எழுத்து.

"குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.
"பிழைத்தாளா?"
மூன்றாம் வரிசையில் பாட்டுப் புத்தகத்தோடு
திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"நல்லது."
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
எழுந்து போனார். கதவைச் சாத்தவில்லை.
உள்ளே வந்த குளிரை
ஒருவரும் எழுந்து தடுக்கவில்லை.

திரும்பும் வழியில், படகில், குன்வோர் கேட்டாள்:
"என்னாலா?"
இல்லை, உனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை,
என்று வாய்வரை வந்தது.
எவ்வளவு வழுவழுப்பாக வருகிறது பாருங்கள்,
பழகிய நாக்குக்கு.
"உனக்காக" என்றேன்.
"உன்னால் அல்ல."
அவள் துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

தூர்லைவ் அந்தக் குளிர்காலம் முழுதும்
என்னோடு பேசவில்லை.
மார்ச்சில் ஒரு காலை மேசைமேல் தாள் கிடந்தது,
அலுவலகத்துக்கு எழுதிய கடிதம்.
வேலை போகும், வீடு போகும்,
ஓய்வூதியம் போகும், தெரியும்.
கோழி கிளறிய எழுத்து:
விளக்கு எறியவில்லை.

பிழை ஒன்று இருந்தது.
நான் திருத்தவில்லை.